கடைசியாக உன்னிடம் கேட்ட கடவுச்சொல்

இன்று காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும், என் கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டது, புதியது கொடுக்க வேண்டும் என்று திரையில் வந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை வருவதுதான். பழைய சொல்லின் கடைசியில் ஓர் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இன்று கை ஓடவில்லை. பழையதையே மூன்று தடவை தப்பாக அடித்தேன். கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, மறந்துவிட்டீர்களா மேடம் என்று சிரித்தார். மறக்கவில்லை. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும், உன் மடிக்கணினியின் முன்னால் நானும் செல்வியும் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து வாரம் திரும்ப வந்துவிட்டது. எழுந்து போய் முகம் கழுவினேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கல்லறைத் திருநாளன்று எங்கள் வீட்டார் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றியபோது உனக்கும் ஒன்று வாங்கியிருந்தேன். உன்னை எரித்த இடம் சங்ககிரியில் இருக்கிறது. மெழுகுவத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் அப்பா கல்லறையின் ஓரத்திலேயே ஏற்றி வைத்தேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது.

சேலத்தில் தட்டச்சு வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ என்னைவிட வேகம். ஆனாலும் ரயில்வே வேலை எனக்குத்தான் கிடைத்தது. நீ கல்யாணமாகிச் சங்ககிரிக்குப் போனாய், அங்கே பத்திரம் எழுதும் கடையில் தட்டச்சராகச் சேர்ந்தாய். உன் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். முப்பது வருஷத்தில் நாம் பேசிக்கொள்ளாத வாரம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். ஐந்தாம் நாள் அவர் போன் அடங்கிப் போனது. லாரி ஒரு நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே, மூட்டை கலையாமல், சாவியோடு நின்றது. அவர் மட்டும் இல்லை. செல்விக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீ அழுதுகொண்டு உட்காரவில்லை. வரைபடம் ஒன்று வாங்கி, அவர் போன பாதையில் இருக்கிற ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஆங்கிலத்தில் கடிதம் அடித்து அனுப்பினாய். உயரம், நிறம், சட்டை, இடது புருவத்துத் தழும்பு. பதில் வராத இடத்துக்கு மறுபடியும் எழுதினாய்.

அது எப்படியோ வெளியே தெரிந்தது. திருச்செங்கோட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார், மகன் லாரியோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று. அவருக்காகவும் எழுதினாய். அப்புறம் ராசிபுரத்திலிருந்து, ஆத்தூரிலிருந்து, சேந்தமங்கலத்திலிருந்து. வண்டியோடு போனவர்களில் திரும்பாதவர்கள் இத்தனை பேரா என்று நான் ஒருநாள் கேட்டேன். நீ அடுத்த கடிதத்தை அடிக்க ஆரம்பித்தாய். பத்திரக் கடை முதலாளி தன் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுத்தார். அது பழுதானபோது நீயே புதிதாக ஒன்று வாங்கினாய். சாயங்காலம் கடை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, அதன் முன்னால் உட்காருவாய்.

காவல் நிலையங்களிலிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. அடையாளம் தெரியாத உடல்கள். சாலையோரத்தில், கால்வாயில், தண்டவாளத்தில் கிடந்தவர்கள். நீ அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பாய். நான் ஒரே ஒரு தடவைதான் உன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. உனக்கு அது தெரிந்து, மறுநாளே கணினிக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டாய். "செல்வி பாட்டுக் கேக்கறேன்னு தொறந்து இதுகளப் பாத்துப்போட்டா, அந்தப் புள்ள அப்புறம் சோறு திங்காது ஸ்டெல்லா" என்றாய். கையில் வைத்துக்கொள்வதற்குக் கடைசி வரைக்கும் பட்டன் போன்தான் வைத்திருந்தாய். அந்தப் படங்கள் உன்னோடு பஸ்ஸில் எல்லாம் வர வேண்டாம் என்று சொன்னாய்.

சேதி கிடைத்துவிட்டால் யாருக்கும் போனில் சொல்ல மாட்டாய். நேரில் வரச் சொல்வாய். கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வாய். வந்து உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாய். அது எனக்குக் கொடூரமாகத் தெரிந்தது. கொஞ்சம் பக்குவமாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு நீ சொன்னாய்: "சுத்தி வளச்சுப் பேசற நேரம் பூராவும் அவிய நம்பிக்கிட்டே இருப்பாங்க. அப்படி ஒரு நிமிசம் நம்ப வெக்கறதும் பாவந்தான்."

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, சேந்தமங்கலம் பழனியம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாய். அவள் வீட்டுக்காரர் லாரியோடு போய் நாலு வருஷம். சேதி வந்திருக்கிறது, திங்கட்கிழமை நேரில் வாருங்கள், கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். சனிக்கிழமை காலை குளியலறையில் விழுந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

திங்கட்கிழமை பழனியம்மா சங்ககிரிக்கு வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்து, பக்கத்தில் விசாரித்து, மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கூட அவள் அண்ணன். பழனியம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மஞ்சள் துணிப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அதில் வீட்டுக்காரரின் சட்டை இரண்டும் புது வேட்டி ஒன்றும் இருந்தன. என்னிடம் சொன்னாள், "கூட ஒருத்தரக் கூட்டியாரச் சொன்னாங்க. அவரக் கூட்டிட்டு வாரதுக்குத்தானுங்களே? நானொருத்தியா அவ்வளவு தூரம் போக முடியாதுன்னு நெனச்சுச் சொல்லியிருப்பாங்க."

எனக்குத் தெரியும், நீ எதற்கு அப்படிச் சொல்வாய் என்று. அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளே போனால் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உள்ளே பத்து நிமிஷம்தான் விடுவார்கள். உனக்கு வலப்பக்கம் அசைவில்லை. பேச்சில்லை. கண் மட்டும் என்னைத் தெரிந்துகொண்டது. நான் உன் நெற்றியைத் தொட்டிருக்கலாம். வலிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். செல்வியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். குனிந்து உன் காதருகே, "பாஸ்வேர்டு என்ன புள்ள?" என்று கேட்டேன். உன் இடது கையில் பேனாவைச் சொருகி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை அடியில் பிடித்தேன். நீ எழுதப் பார்த்தாய். கை நடுங்கி நடுங்கிச் சீட்டைத் தாண்டிப் போர்வையில் போனது. நர்ஸ் வந்து, இப்போது இதெல்லாம் வேண்டாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். உன் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. அதற்கு அர்த்தம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழனியம்மாவின் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா, ஆமென்றால் கண்ணை மூடு என்று கேட்டிருந்தால் போதும். ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். அது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது. நீ செவ்வாய்க்கிழமை விடியும்போதே போய்விட்டாய். முப்பது வருஷப் பழக்கத்தில் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அந்த ஒரு கேள்வி.

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது உறவில் ஒரு சச்சரவு வந்தது. புருஷன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவளைப் பூவும் பொட்டும் வைத்து அனுப்புவதா வேண்டாமா என்று பெரியவர்கள் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். செல்வி நேராக வந்து, "எங்கம்மா தெனமும் வெச்சுக்கிட்டதத்தான் இன்னிக்கும் வெக்கறேனுங்க" என்று சொல்லி, குங்குமத்தை அவளே எடுத்து உன் நெற்றியில் வைத்தாள். 

காரியம் முடிந்த மறுநாள் கணினியின் முன்னால் உட்கார்ந்தோம். உன் பீரோவையும் பைகளையும் ஏற்கெனவே தேடியாகிவிட்டது. ஒரு நோட்டில் குடும்பங்களின் பெயரும் போன் எண்ணும் மட்டும் இருந்தன. எந்த ஊர் காவல் நிலையத்திலிருந்து என்ன வந்தது என்பதெல்லாம் கணினிக்குள் இருந்தது. செல்வியின் பெயரை அடித்தோம். பிறந்த நாளை அடித்தோம். குலதெய்வத்தின் பெயர், லாரி எண், நம் தட்டச்சு வகுப்பின் பெயர், என் பெயர். தப்பு, தப்பு என்றே வந்தது. பிறகு, கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய் என்றது. அப்புறம் அந்தக் கொஞ்ச நேரமும் நீண்டுகொண்டே போனது. தினமும் அலுவலகம் முடிந்து சங்ககிரி பஸ் ஏறினேன். செல்வி மருந்துக் கடை வேலை முடிந்து வருவாள். இரண்டு பேரும் யோசித்து வைத்த சொற்களைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக அடிப்போம். உன்னைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இரண்டு வாரத்தில் சொல்வதற்கு ஒரு சொல்லும் மிச்சமில்லாமல் ஆனது.

பழனியம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தாள். அவசரப்படுத்த மாட்டாள். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்பிட்டேன்" என்பாள். வீட்டுக்கு வெள்ளை அடித்ததைச் சொன்னாள். அவருக்குப் பிடிக்குமே என்று சேவல் ஒன்று விட்டு வளர்ப்பதைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான், கணினி இன்னும் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பாவம் என்று நீ சொன்னதை நான் நாள்தோறும் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் சேலத்தில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். நிதானமான மனிதர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய மாதிரி கணினியாக இருந்தால் உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க் தட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்துவிடலாம், இதில் தட்டுக்கே பூட்டு இருக்கிறது, வெளியே எடுத்தால் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்துக் கொடுக்க அரை மணி நேரம் போதும் என்றும் சொன்னார். செல்வி கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, வேறு ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். அம்மா எந்த மின்னஞ்சல் கணக்கை வைத்து இதைத் திறந்தார்களோ, அந்தக் கணக்கில் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னால், அவர்கள் போனுக்கு ஓர் எண் வரும். அந்த எண்ணைக் கொடுத்தால் புதுக் கடவுச்சொல் வைக்கலாம். அதைக் கொண்டு கணினியும் திறந்துவிடும்.

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. செல்வி உன் பட்டன் போனை மேசைமேல் வைத்தாள். அவர் தன் கணினியில் உன் மின்னஞ்சல் முகவரியை அடித்து, எண்ணை அனுப்பச் சொன்னார். மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எண் அனுப்பப்பட்ட போனின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. அது உன் எண் இல்லை.

செல்வி வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு, "அப்பா நம்பருங்க அத்தை" என்றாள்.

அந்த மின்னஞ்சல் கணக்கை உனக்குத் திறந்து கொடுத்ததே அவர்தானாம். முதன்முதலாக ஒரு பெரிய போன் வாங்கியபோது, வெளியூரிலிருந்து போட்டோ அனுப்புகிறேன், பார் என்று தன் எண்ணைப் போட்டே உனக்கும் கணக்கு வைத்திருக்கிறார். அவர் போன பிறகு பதினோரு வருஷமாக நீ அதை மாற்றவில்லை. மாற்றுவதற்கு உனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. கடைக்காரர் எழுந்து போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்த எண்ணை என் போனிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது. அது அடித்ததே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பெண் எடுத்தாள். பின்னால் விசைத்தறி ஓடுகிற சத்தம். பள்ளிப்பாளையம் பக்கம் என்று பிறகு தெரிந்தது. கம்பெனி அந்த எண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. ஒரு கணினியைத் திறக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, உங்கள் போனுக்கு வந்திருக்கும் ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். "ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று வைத்துவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரண்டு நாள் கூப்பிட்டேன். எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னதில் கணக்கும் எங்களைச் சந்தேகப்பட்டு, ஒரு வாரத்துக்கு முயற்சி செய்யாதே என்று மூடிக்கொண்டது.

அந்த வாரம்தான் மிக மோசம்.  நான் சர்ச்சில் உட்கார்ந்து ஜெபம் சொல்லப் பார்த்தேன். வாயில் வந்ததெல்லாம் எண்ணாக இருந்தது.

ஒரு வாரம் முடிந்த அன்று செல்வி தன் யோசனையாக, உன் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். முதல் மணியிலேயே அந்தப் பெண் எடுத்தாள். "சொல்லுங்கக்கா. என்ன இந்த வருசம் தீவாளிக்கு முன்னாலயே கூப்பிட்டுட்டீங்க?" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அவளே சொல்லிப் புரிந்தது. அந்த எண் அவள் கைக்கு வந்த முதல் வருஷம் நீ கூப்பிட்டிருக்கிறாய். யார் எடுப்பார்கள் என்று கூப்பிட்டாயோ. வேறு யாரோ எடுத்ததும் ஒன்றும் பேசாமல் வைத்திருக்கிறாய். மறுநாள் நீயே திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, இது என் வீட்டுக்காரர் எண்ணாக இருந்தது என்று சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு வருஷா வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் கூப்பிட்டு, நல்லா இருக்கீங்களா என்று கேட்பாயாம். அவ்வளவுதான் பேச்சு. ராங் நம்பர் அக்கா என்று உன் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறாள். இதை என்னிடம் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நான் அவங்க மகளுங்க. அம்மா தவறிட்டாங்க" என்றாள் செல்வி.  அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சிவிட்டு, "அனுப்பச் சொல்லுங்க கண்ணு. நான் படிக்கறேன்" என்றாள். ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, இரண்டு தடவை படித்தாள்.

கணினி திறந்தது. நான் செல்வியை எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். உன் பழக்கம் அப்படியே இருந்தது. குடும்பத்துக்கு ஒரு கோப்புறை, அதன்மேல் பெயரும் ஊரும். பழனியம்மா என்பதைத் திறந்தேன். அந்த வியாழக்கிழமை வந்த மடல் இருந்தது. வடக்கே ஒரு காவல் நிலையம். சாலையோரத்தில் கிடந்த ஆண் உடல், மூன்று வருஷத்துக்கு முன், அடையாளம் தெரியாததால் அங்கேயே புதைக்கப்பட்டது. அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது முன்கையில் ஏதோ கொடி போன்ற வடிவம் பச்சை குத்தப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கினேன். கொடி இல்லை. தமிழ் எழுத்து. பழனியம்மா என்று தெளிவாக, கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தது. மொழியும் உறவும் கையிலேயே எழுதியிருக்க, அதைப் படிக்க ஓர் ஆள் இல்லாமல் அவரை அடையாளமில்லாதவர் என்று மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது செல்வி என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தடுக்கத் தெம்பில்லை. அவள் தன் அப்பா பெயரில் இருந்த கோப்புறையைத் திறந்திருந்தாள். அதில் ஒரே ஒரு மடல். ஆறு வருஷத்துக்கு முன் வந்தது. தலைப்பில் அவர் லாரி எண். படிக்காத மடலின் தலைப்பு மாதிரி அது இன்னும் தடித்த எழுத்தில் இருந்தது. நீ அதைத் திறக்கவே இல்லை.

"திறக்கட்டுங்களா அத்தை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை கண்ணு என்றேன். அவள் திறந்தாள். நாலு வரியும் ஒரு படமும். லாரி நின்ற இடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் ஒரு பாசனக் கால்வாய். இடது புருவத்தில் தழும்பு. அவர்தான். காணாமல் போன அதே வாரத்தில் எடுத்த உடல்.

செல்வி அழவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமுங்க. தெரியாமயா தனியா எடுத்து வெச்சிருப்பாங்க?" என்றாள்.

உன்னிடம் இதைத்தான் கேட்க வேண்டும். ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கூட ஒருத்தரைக் கூட்டிவரச் சொன்னாய். அந்த மடல் வந்த நாளில், சங்ககிரிக்கு வா என்று என்னை ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேனா? அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டாய். குங்குமம் வியர்வையில் கரைந்தால் என் கண்ணாடி முன் நின்று சரி செய்துகொண்டாய். ஆறு வருஷம். நான் எப்படிப்பட்ட தோழியாக இருந்திருக்கிறேன் என்று நினைத்தால் மேலே யோசிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வியும் சேந்தமங்கலம் போனோம். பழனியம்மா வீட்டுச் சுவரில் வெள்ளை புதிதாக இருந்தது. அவள் அண்ணனும் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. உட்கார வைத்தாள். காப்பி கொடுத்தாள். வழி முழுக்க நான் உன்னை மாதிரி முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் மழையைப் பற்றிப் பேசினேன். கொல்லிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருவதைப் பற்றிப் பேசினேன். கணினியை எப்படித் திறந்தோம் என்று விலாவாரியாகச் சொன்னேன். கடை, எண், தறிக்காரப் பெண் எல்லாம். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, முன்னால் நகர்ந்து நகர்ந்து கேட்டாள். அவள் கண்ணில் ஏறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டும் பேசினேன்.

செல்விதான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரு தவறிட்டாருங்க. மூணு வருசம் ஆச்சுங்க" என்றாள்.

பழனியம்மா என்னைத்தான் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் அழுததை நான் எழுதவில்லை. பிறகு எங்கே என்று கேட்டாள், எந்த ஊர், யார் மண் போட்டார்கள் என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னோம். கையில் இருந்த எழுத்தைச் சொன்னபோது, தன் முன்கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். படத்தில் கையை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வைத்திருந்தாள் செல்வி. அதைக் காட்டினாள்.

பஸ் ஏற்றிவிட அவளே வந்தாள். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். நிறுத்தத்தில் நிற்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலேயே எனக்கு ஒருவாறு தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன். அவள் சாலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "நாலு வருசத்துல இந்த ஒரு மாசந்தானுங்க நான் நல்லா இருந்தேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

அவள் நன்றி சொன்னாளா, என்னைக் குற்றம் சொன்னாளா? முகத்தில் இரண்டும் இல்லை. உன்னிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாய்.

செல்வி இப்போது சாயங்காலங்களில் உன் இடத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள். நோட்டில் இன்னும் பதினான்கு குடும்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் நான் அடித்துக் கொடுக்கிறேன். படங்களை அவள் பார்க்கிறாள், என்னால் முடியவில்லை. வெளியே பார்ப்பவர்களுக்கு நாங்கள் ஏதோ நல்ல காரியம் செய்வதாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் செல்வியின் பெயரை அடிக்கும்போது, பழனியம்மா சொன்ன அந்த ஒரு மாதம் நெஞ்சுக்குள் கல் மாதிரி உருளுகிறது. நான் கொடுத்த மாதம் அது. அவளிடமிருந்து பிடுங்கியதும் நான்தான். அதை எங்கேயும் இறக்கி வைக்க முடியாமல், அலுவலகத்துக்கும் சங்ககிரிக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.